திதி தெரியும், வருஷம் தெரியாது: பழைய இறப்புப் பதிவைத் தேடுவது எப்படி

வீட்டில் மூத்தவர் யாரிடமாவது "கொள்ளுத்தாத்தா எப்போ இறந்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆடி மாசம், தேய்பிறை சப்தமி" என்று யோசிக்காமல் பதில் வரும். எந்த வருஷம் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். தெவசம் கொடுக்க மாதமும் பட்சமும் திதியும் போதும், வருஷம் வேண்டியதில்லை, அதனால் நூறு வருஷம் ஆனாலும் திதி மறக்காது, வருஷம் மட்டும் ஒரே தலைமுறையில் காணாமல் போய்விடும். முஸ்லிம் குடும்பங்களிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், ரஜப் பிறை பன்னிரண்டு என்று ஃபாத்திஹா ஓதும் நாள் எல்லோருக்கும் தெரியும், ஹிஜ்ரி எத்தனை என்று யாருக்கும் தெரியாது.

அரசாங்கத்தின் இறப்புப் பதிவேடு இதற்கு நேர் எதிர். அதில் திதி கிடையாது. ஆங்கிலத் தேதி, ஊர், பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது, என்ன நோய், இவ்வளவுதான். அதைவிட முக்கியமான விஷயம், அந்தப் பழைய கையெழுத்துப் பதிவேடுகள் பெயர் வரிசையில் இல்லை. ஒரு கிராமம், ஒரு வருஷம், சாவு நடந்த வரிசையில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போயிருப்பார்கள். ஆகவே "இன்னார் பெயரைத் தேடிக் கொடுங்கள்" என்று போய் நின்றால் எந்த ஊழியராலும் தேட முடியாது. கிராமமும் வருஷமும் சரியாகச் சொன்னால் வேலை மிகச் சின்னது. 1950களில் ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு இருபதுக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள் என்று கணக்குப் போட்டால், ஆயிரம் பேர் வாழ்ந்த கிராமத்துக்கு ஒரு வருஷப் பதிவு இரண்டு மூன்று பக்கத்துக்குள் அடங்கிவிடும். இதனால்தான் வம்ச வரலாறு தேடும் எல்லோரிடமும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே பாதி வேலை வீட்டில் முடிந்திருக்க வேண்டும், அந்தப் பாதி வருஷத்தைக் கண்டுபிடிப்பது.

என் அப்பாயி விஷயத்தில் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அப்பாவுக்கு அம்மா முகமே சரியாக நினைவில்லை, போட்டோவும் கிடையாது. தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த பெரிய அத்தையிடம் உட்கார்ந்து கேட்டேன். அத்தை சொன்னது இவ்வளவுதான்: "உங்க அப்பன் அப்ப மூணாப்பு. புயல் அடிச்சு வாழையெல்லாம் சாஞ்சு கெடந்துச்சே, அதுக்கடுத்த மாசி. செவராத்திரி முடிஞ்ச மறுநா அமாவாசை, விடிய விடிய உசிரு போச்சு. சனிப்பொணம் தனியாப் போகாதுன்னு பயந்துகிட்டு அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ளயே எடுத்துட்டாங்க."

இதில் வருஷம் எங்கேயும் இல்லை, ஆனால் எல்லாமே இருக்கிறது. டெல்டாவில் அந்தக் காலத்துப் புயல் என்று சொன்னால் இரண்டைச் சொல்வார்கள், 1952 நவம்பர் 30இல் நாகப்பட்டினம் பக்கம் கரையேறியது ஒன்று, சரியாக மூன்று வருஷம் கழித்து 1955 நவம்பர் கடைசியில் வேதாரண்யம் பக்கம் அடித்தது இன்னொன்று. இரண்டும் ஒரே மாதத்தில் வந்ததால் பெரியவர்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது சகஜம். பழைய பஞ்சாங்கக் கணக்கைப் பார்த்தேன். முதல் புயலுக்கு அடுத்த மாசி அமாவாசை 1953 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. இரண்டாவதற்கு அடுத்தது 1956 மார்ச் 12, திங்கட்கிழமை. சனிக்கிழமைக்குப் பயந்து அவசரமாக எடுத்தார்கள் என்றால் வெள்ளிக்கிழமையாகத்தான் இருக்க வேண்டும். நந்தன வருஷம், 1953. அத்தை போகிற போக்கில் சொன்ன அந்தச் சனிப்பொணப் பேச்சு இல்லாவிட்டால் நான் இரண்டு வருஷப் பதிவேட்டையும் புரட்டச் சொல்லிக் கேட்டிருப்பேன்.

அதனால் பெரியவர்களிடம் "எந்த வருஷம்" என்று கேட்காதீர்கள். அப்போது யார் கைக்குழந்தை, யாருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, விளைச்சல் எப்படி, மழையா வெயிலா, என்ன கிழமை, யார் கொள்ளி வைத்தது, கருமாதிக்கு யார் வரவில்லை என்று கேளுங்கள். கேட்டதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள், உங்கள் வார்த்தையில் சுருக்கினால் சனிப்பொணம் மாதிரி விஷயங்கள்தான் முதலில் உதிர்ந்துபோகும். தமிழ் வருஷப் பெயர் நினைவிருந்தால் பெரிய அதிர்ஷ்டம், ஆனால் அது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாது வருஷப் பஞ்சத்தின் தாது 1876, அடுத்த தாது 1936.

பேச்சில் கிடைக்காவிட்டால் பத்திரங்களைப் பாருங்கள், நிறையப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை. நிலம் வைத்திருந்தவர் இறந்தால் பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினையோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ எழுதியிருப்பார்கள், அதில் "நமது தகப்பனார் இன்ன தேதியில் காலமாகிவிட்டபடியால்" என்று ஒரு வரி வரும், கூடவே வாரிசுகள் எல்லோருடைய பெயரும். வில்லங்கச் சான்று பல இடங்களில் 1975 முதல் ஆன்லைனில் பார்க்கலாம், அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். பட்டா மாறிய காலமும் உதவும். வருவாய்க் கணக்கில் பசலி என்று அவர்களுடைய ஆண்டுக் கணக்கைப் போட்டிருந்தால் அதோடு 590 கூட்டுங்கள், பசலி 1362 என்றால் 1952 ஜூலையில் தொடங்கி 1953 ஜூனில் முடிகிற வருஷம். அப்புறம் கருமாதிப் பத்திரிகை, மொய் நோட்டு, ட்ரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருக்கும் பழைய தாள்கள். எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

வருஷத்துக்கு அடுத்தது இடம். இங்கே பெரும்பாலோர் தவறுகிற ஒரு விஷயம் உண்டு. இறப்பு, நடந்த இடத்தில்தான் பதிவாகும், சொந்த ஊரில் இல்லை. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்காரர் மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில், அதாவது இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனையில், இறந்திருந்தால் பதிவு அன்றைய மதுரை நகராட்சியிடம் இருக்கும், கிராமப் பதிவேட்டில் எத்தனை தேடினாலும் வராது. காசநோய்க்குத் தாம்பரம் சானடோரியம் போனவர், தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்ந்தவர் எல்லாருக்கும் இதே விதி. ரங்கூனிலோ பினாங்கிலோ இறந்தவருக்கு இங்கே பதிவு இருக்காது, ஊரில் கருமாதி செய்திருந்தாலும். ஆகவே "எந்த ஊர்க்காரர்" என்பதைவிட "எங்கே உயிர் போனது" என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

கிராமம் என்றாலும் நாம் சொல்லும் ஊர்ப் பெயர் அப்படியே உதவாது. பதிவேடு வருவாய் கிராமத்தின் பெயரில் இருக்கும், நம் தெருவோ காலனியோ குக்கிராமமோ அதற்குள் ஒரு பகுதியாக இருக்கும். பழைய பட்டாவிலோ பத்திரத்திலோ வருவாய் கிராமத்தின் பெயர் இருக்கும், அதைப் பாருங்கள். மாவட்டங்கள் மாறியதும் சேர்ந்துகொள்ளும். ஒரே தஞ்சாவூர் மாவட்டம் 1991இலும் 1997இலும் பிரிந்து நாகப்பட்டினம், திருவாரூர் ஆனது, 2020இல் மயிலாடுதுறையும் தனியானது. பழைய ராமநாதபுரத்திலிருந்து 1985இல் சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தன. பழைய தாளில் இருக்கும் மாவட்டத்தை நம்பி இன்றைய தலைநகருக்கு அலையாதீர்கள், அந்தக் கிராமம் இன்று எந்தச் சார்பதிவாளர் எல்லையில் வருகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

சரி, எந்தக் காலத்திலிருந்து பதிவு இருக்கும்? சென்னை மாகாணத்துக்கு 1899இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது, ஆனால் கட்டாயப் பதிவு எல்லாக் கிராமத்துக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. கிராமத்தில் இதை எழுதியவர் மணியக்காரர், தஞ்சைப் பக்கம் பட்டாமணியம். சாவுச் செய்தியைக் கொண்டுபோய்ச் சொன்னது பெரும்பாலும் தலையாரி. தலையாரிக்குத் தெரிந்த பெயர்தான் பதிவேட்டில் ஏறியது, வயதும் குத்துமதிப்புதான், நாற்பது ஐம்பது அறுபது என்று முழு எண்ணாக நிறையப் பார்க்கலாம். இன்று நடப்பில் இருப்பது 1969ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், 1970 ஏப்ரல் 1 முதல். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது, அதற்குப் பிறகு கிராம நிர்வாக அலுவலர், நாம் வி.ஏ.ஓ. என்று சொல்பவர், பதிவாளர் ஆனார். மணியக்காரர் வீட்டுத் திண்ணையில் பரம்பரையாக இருந்துவந்த கணக்குகள் கைமாறிய நேரம் அது, என்னைக் கேட்டால் நிறைய ஊர்களில் சந்தேகப்பட வேண்டிய இடைவெளி அங்கேதான்.

இப்போது வைத்திருப்பது யார் என்றால், நடப்புப் பதிவு வி.ஏ.ஓ.விடம், கிராமங்களின் பழைய பதிவேடுகள் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில், நகராட்சி மாநகராட்சி என்றால் அதன் சுகாதாரப் பிரிவில். பத்திரப் பதிவுக்குப் போகிற அதே சார்பதிவாளர் அலுவலகம்தான், அங்கே பிறப்பு இறப்புப் பதிவு நகலும் தருவார்கள் என்பது உள்ளூர்க்காரர்கள் பலருக்கே தெரியாது. பதிவுத்துறை இணையதளத்திலும் இதற்கு விண்ணப்பிக்கலாம். சென்னையில் நடந்த இறப்புகளுக்கு மாநகராட்சித் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்ற தயக்கம் வேண்டாம். 1969 சட்டத்தின் 17ஆவது பிரிவு, கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் தேடச் சொல்லலாம், நகல் பெறலாம் என்கிறது. வாரிசாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் அதே பிரிவில் ஒரு நிபந்தனையும் உண்டு, இறப்புப் பதிவின் நகலில் இறப்புக்கான காரணத்தைக் காட்டக் கூடாது. காரணம் பதிவேட்டில் இருந்தாலும் உங்கள் கையில் வரும் தாளில் இருக்காது. வம்சாவழியில் ஓடும் நோயைத் தெரிந்துகொள்ளத் தேடுபவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம், அறுபது எழுபது வருஷம் ஆன பதிவுகளுக்காவது இந்தத் தடையைத் தளர்த்த வேண்டும் என்பது என் கருத்து.

மனு எழுதும்போது கதை எழுதாதீர்கள். வருவாய் கிராமம், வட்டம், இறந்த தேதி அல்லது இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இறந்தவர் பெயர், கூடவே ஊரில் கூப்பிட்ட பெயர், தகப்பன் பெயர், கணவன் பெயர். பெண்களைத் தேடும்போது கணவர் பெயரை முதலில் எழுதுங்கள், அந்தக் காலப் பதிவேட்டில் அவர்களுக்குப் பாதி அடையாளம் அதுதான். பெயரை எழுதியவர் கேட்டபடி எழுதியிருப்பார், மூக்காயி மூக்காயம்மாள் ஆகியிருக்கும், சுப்பிரமணியன் சுப்பன் ஆகியிருப்பார், குழந்தைகளுக்குப் பல இடங்களில் பெயரே இருக்காது. வருஷம் நிச்சயமில்லை என்றால் மூன்று வருஷத்துக்கு மேல் கேட்காமல் இருப்பது நல்லது. காலைக் கூட்டம் முடிந்த பிறகு போங்கள், வளர்பிறை முகூர்த்த நாளில் போகவே போகாதீர்கள், அன்று முழுக்கப் பத்திரப் பதிவுதான் நடக்கும்.

பதிவேடே எங்கள் அலுவலகத்தில் இல்லை என்று சொன்னால் வாதாட வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனுப் போடுங்கள். அதில் நகலைக் கேட்காமல், "இன்ன கிராமத்தின் இன்ன ஆண்டு இறப்புப் பதிவேடு இப்போது எந்த அலுவலகத்தில் உள்ளது" என்று மட்டும் கேளுங்கள். நகலைக் கேட்டால் அதற்குத் தனி நடைமுறை இருக்கிறது என்று திருப்பிவிடுவார்கள், இருக்கும் இடத்தைக் கேட்டால் அப்படிச் சொல்ல வழியில்லை. முப்பது நாளில் பதில் வர வேண்டும், தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாலும் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அவர்களே மாற்றிவிட வேண்டும். தேடிப் பார்த்தும் பெயர் இல்லை என்றால், இந்தக் காலத்துக்குள் அந்தப் பெயரில் பதிவு இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், எந்தெந்த வருஷம் பார்த்தாயிற்று என்பதற்கு அதுதான் சாட்சி, உங்களுக்குப் பிறகு தேடுகிறவர் அதே பக்கங்களை மறுபடி புரட்ட வேண்டாம். பதிவாகாத பழைய இறப்பை இப்போது தாமதமாகப் பதிவு செய்யவும் சட்டத்தில் வழி உண்டு, ஒரு வருஷம் தாண்டியதற்கு அதிகாரியின் உத்தரவு வேண்டும். சொத்துக்காக அப்படிச் செய்வது வேறு, வெறும் வம்ச வரலாற்றுக்காகச் செய்யாதீர்கள். நாம் யூகித்த தேதி ஒருமுறை அரசுப் பதிவாகிவிட்டால் நாளைக்கு வருகிறவருக்கு அதுதான் உண்மை.

சில ஊர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1க்கு முன்னால் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவை, அங்கெல்லாம் அதற்கு முந்திய காலத்துக்குச் சென்னைச் சட்டத்தை வைத்துக்கொண்டு தேடக் கூடாது. காரைக்காலும் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவை, பிரெஞ்சுக் குடிமைப் பதிவில் இறந்தவரின் பெற்றோர் பெயர், சாட்சிகள் பெயர் என்று விவரமாக இருக்கும், நூறு வருஷத்துக்கு முந்திய பதிவுகள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. நம் பக்கத்துப் பதிவோடு ஒப்பிட்டால் அது ஒரு புதையல். கிறிஸ்தவக் குடும்பங்கள் முதலில் போக வேண்டிய இடம் கோயில் அடக்கப் பதிவேடு, கத்தோலிக்கக் கோயில்களில் பழையது லத்தீனில் இருக்கலாம், அதில் இருப்பது பெரும்பாலும் அடக்கம் செய்த தேதி என்பதால் ஒருநாள் முன்பின் பாருங்கள்.

இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867 முதல் இருக்கிறது, பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் கீழ், விண்ணப்பிப்பது பிரதேச செயலகத்தில். அங்கே மரண அத்தாட்சிப் பத்திரத்தில் தாய் தகப்பன் பெயரும் இறப்புக்கான காரணமும் வரும், இங்கே பழைய பதிவின் நகலில் தாய் பெயரும் காரணமும் கிடைக்காது. போரில் காணாமல்போனவர்களின் மரணத்தைப் பதிவு செய்ய 2010இல் தற்காலிகச் சட்டம் ஒன்று வந்தது. உடலும் கிடைக்காமல், உண்மையும் தெரியாமல் அந்தப் பத்திரத்தைக் கையில் வாங்க மனம் ஒப்பாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு, அவர்களிடம் பதிவைப் பற்றிக் கேட்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

பதிவு கிடைத்ததும் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள், மேலும் கீழும் பாருங்கள். 1953 பதிவேட்டை எடுத்துவந்த ஊழியர் பொறுமையாகப் பக்கத்தைப் புரட்டினார், பிப்ரவரி மாதம் ஒரே பக்கம்தான், நீல மை பழுப்பாகியிருந்தது. அப்பாயியின் பெயர் அதில் இருந்தது. இறந்த தேதி 13, அத்தை சொன்ன அதே நாள். பதிவு செய்த தேதி ஒன்பது நாள் தள்ளி. வயது 35, முப்பதுகூட ஆகவில்லை என்பது அத்தையின் கணக்கு. காய்ச்சலில் போனாள் என்றுதான் இத்தனை வருஷமும் வீட்டில் சொல்லிவந்தார்கள், பதிவேட்டில் பிரசவம் என்று எழுதியிருந்தது. மூன்று வரி தள்ளி, தாத்தா பெயரைத் தகப்பன் பெயராகப் போட்டு இன்னொரு பதிவு: பெண் குழந்தை, வயது நான்கு நாள்.

அப்பாவுக்கு ஒரு தங்கை பிறந்தாள் என்று யாரும் சொன்னதில்லை. அத்தைக்குப் போன் செய்து கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதையுமா எழுதி வெச்சிருக்கான்?" என்றார். அன்று மாலையே அலுவலகம் மூடுவதற்குள் அந்தக் குழந்தையின் பதிவுக்கும் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஊழியரிடம் கேட்டேன். பதிவேட்டில் இருக்கிறபடியே எழுதுங்கள் என்றார். பெண் குழந்தை என்று எழுதினேன்.